ஏழை நாடுகள் பணக்கார நாடுகளை எட்டிப் பிடிக்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரியில் வளர்ச்சிப் பொருளியல் நடத்துகிறேன். வகுப்பு முடிந்து வராண்டாவில் நிற்கும்போதும், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் போன் செய்யும்போதும் அதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே கேள்விகளை வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். முதலிலிருந்து படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் நகர்கின்றன.

கன்வர்ஜென்ஸ் என்றால் என்ன சார்? சுருக்கமா சொல்லுங்க.

பின்தங்கிய நாடு முந்திய நாட்டைவிட வேகமாக வளர்ந்து, இரண்டுக்கும் நடுவே வருமானத்தில் உள்ள தூரம் குறைவது. தமிழில் குவிதல், ஒருங்கல் என்றெல்லாம் எழுதுகிறார்கள். எனக்கு 'நெருங்குதல்' போதும்.

இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஏழை நாடுகள் வேகமாக வளர்கின்றனவா என்பது ஒன்று. நாடுகளுக்கு இடையிலான பரவல், அதாவது எல்லா நாடுகளின் வருமானங்களிலும் உள்ள ஏற்றத்தாழ்வு, மொத்தத்தில் சுருங்குகிறதா என்பது இன்னொன்று. முதலாவது நடந்தும் இரண்டாவது நடக்காமல் போகலாம். ஒரு நாடு கீழிருந்து ஏறும் அதே காலத்தில் இன்னொரு நாடு போரிலோ கடனிலோ சிக்கிச் சரிந்தால், பரவல் இருந்தபடியேதான் இருக்கும். தேர்வில் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம்.

ஏழை நாடு வேகமாகத்தான் வளரும் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? பார்த்தால் அப்படித் தெரியலையே?

நீங்கள் பள்ளியிலேயே படித்த குறைந்து செல் விளைவு விதிதான் அடிப்படை. மாட்டைக் கட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த ஊருக்கு முதல் மோட்டார் வந்தால் விளைச்சல் எகிறும். ஐம்பதாவது மோட்டார் வரும்போது கூடுதலாகக் கிடைப்பது கொஞ்சம்தான். மூலதனம் குறைவாக உள்ள நாட்டில் ஒவ்வொரு ரூபாய் முதலீடும் அதிகம் பலன் தர வேண்டும். பொருளியலாளர் ராபர்ட் சோலோ 1956இல் இதைக் கணித வடிவில் வைத்தார்.

இன்னொரு காரணமும் உண்டு. முந்திய நாடு தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்ததைப் பிந்திய நாடு அப்படியே எடுத்துக்கொள்ளலாம். கம்பித் தொலைபேசியே சரியாகப் பரவாத கென்யாவில் 2007இல் எம்-பெசா வந்தது. சாதாரண கைபேசியிலேயே மக்கள் பணம் அனுப்பத் தொடங்கினார்கள். இப்படி ஒரு படியைத் தாண்டிக் குதிக்கும் வசதி பின்னால் வருபவருக்கு மட்டுமே உண்டு.

சரி, உண்மையில் நடந்ததா இல்லையா?

பெரும்பாலான காலம் நடக்கவில்லை. 1870இல் மிகப் பணக்கார நாட்டின் தலா வருமானம் மிக ஏழை நாட்டினுடையதைப்போல் சுமார் 9 மடங்கு இருந்தது என்றும், 1990இல் அது சுமார் 45 மடங்கானது என்றும் லான்ட் பிரிட்செட் 1997இல் கணக்கிட்டுக் காட்டினார். நூறு ஆண்டுக்கும் மேலாக உலகம் விலகித்தான் போயிருக்கிறது.

அதற்கு முன் 1986இல் வில்லியம் பாமல் 16 தொழில்மயமான நாடுகளை எடுத்து, அவை நெருங்கிவிட்டதாகக் காட்டியிருந்தார். இரண்டு ஆண்டில் பிராட்ஃபோர்ட் டிலாங் அதன் ஓட்டையைச் சுட்டிக்காட்டினார். இன்று பணக்காரராக இருப்பவர்களை மட்டும் பொறுக்கி எடுத்து, அவர்களுடைய பழைய கதையைப் பார்த்தால் எல்லோரும் முன்னேறியதாகத்தானே தெரியும்? அர்ஜென்டினாவைச் சேர்த்துப் பாருங்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகின் முன்வரிசைப் பணக்கார நாடுகளில் ஒன்று அது. பிறகு பின்தங்கிவிட்டது.

2000ஐ ஒட்டிக் காற்று மாறியது. ஏழை நாடுகள் சராசரியாகப் பணக்கார நாடுகளைவிட வேகமாக வளரத் தொடங்கின. தேவ் பட்டேல், ஜஸ்டின் சாண்டெஃபர், அரவிந்த் சுப்ரமணியன் மூவரும் 2021இல் இதைத்தான் எழுதினார்கள். ஆனால் 2010களின் நடுவில் மூலப்பொருள் விலைகள் விழுந்தன, அப்புறம் கொரோனா, அப்புறம் கடன். ஜாம்பியா 2020இலும் இலங்கையும் கானாவும் 2022இலும் வெளிக்கடனைக் கட்ட முடியாமல் நின்றன. காங்கோ ஜனநாயகக் குடியரசு, மடகாஸ்கர் போன்ற நாடுகளில் தலா வருமானம் இன்றும் 1960இல் இருந்ததைவிடக் கீழே.

பாடப் புத்தகத்தில் 'நிபந்தனைக்குட்பட்ட' நெருங்குதல் என்று ஒரு வார்த்தை வருகிறதே, அது தப்பித்துக்கொள்ள வைத்ததா?

இல்லை. சேமிப்பு, கல்வி, ஆட்சிமுறை, மக்கள்தொகைப் பெருக்கம் இவையெல்லாம் ஒரே மாதிரி உள்ள நாடுகளை ஒப்பிட்டால் அவற்றுள் ஏழையானது வேகமாக வளரும் என்பதுதான் அந்த வார்த்தையின் பொருள். ஒவ்வொரு நாடும் தன்னுடைய எல்லையை நோக்கி நகர்கிறது. எல்லாருக்கும் எல்லை ஒன்றல்ல. ராபர்ட் பாரோவும் சேவியர் சாலா-ஐ-மார்ட்டினும் கணக்கிட்டபோது தன் எல்லைக்கும் ஒரு நாட்டுக்கும் உள்ள இடைவெளியில் ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் குறைவது தெரிந்தது. அந்த வேகத்தில் பாதி இடைவெளி மறையவே 35 ஆண்டு ஆகும்.

நிபந்தனை இல்லாமலே நெருங்கும் இடம் ஒன்றும் இருக்கிறது. அது ஆலை உற்பத்தி. முறையான தொழிற்சாலைகளில் தொழிலாளர் ஒருவரின் உற்பத்தித்திறன் எந்த நாடாக இருந்தாலும் முன்வரிசையை நோக்கி நகர்கிறது என்று டானி ரோட்ரிக் 2013இல் காட்டினார். ஏழை நாடுகளில் அந்த ஆலைகளுக்குள் வேலை செய்பவர்கள் மிகச் சிலர் என்பதுதான் சிக்கல். மீதிப்பேர் வயலிலும் தள்ளுவண்டியிலும் நிற்கிறார்கள்.

தென் கொரியாவும் கானாவும் ஒரு காலத்தில் சமமாக இருந்தன என்கிறார்களே, நம்பலாமா?

நம்பலாம். 1960 வாக்கில் தலா வருமானம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். கானா சற்று மேலேகூட இருந்தது. இன்று கொரியா 33,000 டாலருக்கு மேல். கானா அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

ஆனால் 'சமம்' என்பது பணத்தில் மட்டும்தான். 1945இல் ஜப்பானிய ஆட்சி முடிந்தபோது கொரியர்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. 1960களின் தொடக்கத்தில் பெரும்பாலோருக்குத் தெரிந்திருந்தது. 1950 வாக்கில் நிலச் சீர்திருத்தம் நடந்து, குத்தகைக்கு உழுதவர்கள் கைக்கு நிலம் வந்திருந்தது. 1960களில் கொரியாவின் முக்கிய ஏற்றுமதிகளில் ஒன்று தலைமுடி விக். பெண்கள் தலைமுடியை விற்றார்கள். பெண்களே ஆலையில் உட்கார்ந்து அதை விக்காகக் கோத்தார்கள். அங்கிருந்து ஒட்டுப்பலகை, துணி என்று போய், போஹாங் எஃகு ஆலை 1973இல் உற்பத்தியைத் தொடங்கியது. கானா கோகோ விலையை நம்பி இருந்தது. 1966இலிருந்து ராணுவக் கவிழ்ப்புகள் தொடர்ந்தன. 1960இன் வருமானப் பட்டியலைப் பார்த்தவருக்கு இந்த வித்தியாசம் எதுவும் கண்ணில் பட்டிருக்காது. மாணவர்களிடம் நான் அழுத்திச் சொல்வது இதைத்தான்.

இந்தியா 6 சதவீதம் வளருது, அமெரிக்கா 2 சதவீதம்தான். அப்போ சீக்கிரம் பிடிச்சிடுவோம்ல?

கரும்பலகையில் போட்டுப் பார்ப்போம். இந்தியாவின் தலா வருமானம் 2023இல் ஏறக்குறைய 2,500 டாலர். அமெரிக்காவுக்கு 80,000 என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டில் நமக்கு 6 சதவீதம் கூடினால் 150 டாலர். அவர்களுக்கு 2 சதவீதம் கூடினால் 1,600 டாலர். நாம் மூன்று மடங்கு வேகத்தில் ஓடியும் தூரம் 1,450 டாலர் கூடிவிட்டது!

இந்த இரண்டு வேகமும் மாறாமல் இருந்தால், டாலர் கணக்கில் இடைவெளி 62 ஆண்டு வரை விரிந்துகொண்டே போகும். இன்று 77,500 ஆக இருப்பது அப்போது சுமார் 1,80,000 டாலராக இருக்கும். அதன் பிறகுதான் சுருங்கத் தொடங்கும். சமமாக 90 ஆண்டு. இதுவும் தலைக்கு 6 சதவீதம் என்று வைத்தால். நாட்டின் மொத்த வளர்ச்சி 6 என்றால் மக்கள்தொகைப் பெருக்கத்தைக் கழித்துத் தலைக்கு அதைவிடக் குறைவாகத்தான் வரும். தலைக்கு 4 சதவீதம் என்றால் 178 ஆண்டுக்கு மேல் ஆகும். இந்தக் கணக்கைப் போட்டு முடித்ததும் வகுப்பு ஒரு நிமிடம் அமைதியாகிவிடும்.

டாலரில் ஏன் பார்க்க வேண்டும்? நம்ம ஊரில் டீ 15 ரூபாய்தானே!

சரியான கேள்வி. அதற்காகத்தான் வாங்கும் திறன் சமநிலை என்ற கணக்கு. முடிவெட்டுவது, டீ, வீட்டு வாடகை எல்லாம் ஏழை நாட்டில் மலிவு என்பதைச் சேர்த்துக்கொண்டால் இந்தியாவின் 2,500 டாலர் ஏறக்குறைய 10,000 ஆகிவிடும். 32 மடங்கு இடைவெளி 8 மடங்காகும். முன் பதிலில் சொன்ன 90 ஆண்டு 54 ஆக இறங்கும்.

வாழ்க்கைத்தரத்தை ஒப்பிட இதுவே பொருத்தம். கடனைத் திருப்பிக் கட்டவும் பெட்ரோல் வாங்கவும் எம்ஆர்ஐ இயந்திரம் இறக்குமதி செய்யவும் பழைய டாலர்தான் வேண்டும். அங்கே மலிவு டீ உதவாது.

காசே இல்லாத நாடுகளில் ஆயுள் மட்டும் எப்படிக் கூடியது?

எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகப் பிடித்த பகுதி இது. 1950இல் உலக மக்களின் சராசரி ஆயுட்காலம் 50க்கும் கீழே. 2019இல் சுமார் 73. ஏழை நாடுகள் இதில் பணக்கார நாடுகளைவிட அதிக ஆண்டுகளைச் சேர்த்திருக்கின்றன. சாமுவேல் பிரஸ்டன் 1975இல் காட்டியது இன்றும் நிற்கிறது: 1930களிலிருந்து 1960கள் வரை உயர்ந்த ஆயுளில் பெரும்பகுதி வருமானம் கூடியதால் வரவில்லை. அதே வருமானத்திலேயே மக்கள் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள். இலங்கையில் 1946இல் ஆயிரத்துக்கு 20 ஆக இருந்த இறப்பு விகிதம் ஒரே ஆண்டில் 14 ஆக இறங்கியது. மலேரியாவுக்கு எதிராக டிடிடி என்ற பூச்சிக்கொல்லியைத் தெளித்ததுதான் காரணமா, ஊர்ஊராகப் பரவிய ஆஸ்பத்திரிகளும் மருத்துவச்சிகளுமா என்று இன்றும் வாதாடுகிறார்கள். எதுவானாலும் நாட்டின் வருமானம் அந்த ஒரு வருடத்தில் அப்படி எகிறிவிடவில்லை.

வங்கதேசத்தைக் கிட்டத்தில் பார்ப்போம். 1968இல் டாக்காவில் காலரா நோயாளிகளுக்கு உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்து, அது வேலை செய்வதை நிரூபித்தார்கள். 1971 போரில் எல்லை தாண்டி வந்த அகதிகள் மேற்கு வங்கத்தின் பன்கானில் காலராவில் செத்துக்கொண்டிருந்தார்கள். நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோனது. மருத்துவர் திலீப் மஹலனோபிஸ் டிரம்களில் இந்தக் கரைசலைக் கலந்து வைத்து, உறவினர்களையே நோயாளிக்குப் புகட்டச் சொன்னார். நூற்றுக்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில் அது 4க்கும் கீழே இறங்கியது.

அதை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது பிராக் என்ற அமைப்பு. 1980இலிருந்து பத்து ஆண்டுகளில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு அதன் பெண் ஊழியர்கள் நடந்தே போனார்கள். மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். சொல்லிக்கொடுத்துவிட்டுப் போய்விடவில்லை, அம்மா தன் கையாலேயே கலந்து காட்ட வேண்டும். சில வாரம் கழித்து வேறொருவர் போய், அந்த அம்மாவுக்கு இன்னும் நினைவிருக்கிறதா என்று பார்ப்பார். அதைப் பொறுத்துத்தான் சொல்லிக்கொடுத்த பெண்ணுக்குச் சம்பளம். வங்கதேசத்தின் ஆயுட்காலம் 1970களின் தொடக்கத்தில் 50ஐத் தொடவில்லை. இன்று 70ஐத் தாண்டிவிட்டது. இது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். தடுப்பூசி, குடும்பக் கட்டுப்பாடு, பெண் கல்வி எல்லாம் சேர்ந்தது. ஆனால் வருமானத்தின் பின்னால் போகாமல் ஆயுள் முன்னால் போக முடியும் என்பதற்கு அந்த வெல்லக் கரைசலைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. இயந்திரத்துக்கு விலை உண்டு. 'இப்படிக் கலந்து கொடு' என்ற அறிவுக்கு விலை ஏறக்குறைய இல்லை, ஆனால் அதைச் சுமந்து வாசல்வரை போக ஒருவர் வேண்டும்.

மனித மேம்பாட்டுக் குறியீடு எல்லா நாட்டுக்கும் ஏறுது. அது கணக்கு வித்தையா?

கொஞ்சம் கணக்கு, நிறைய உண்மை. மஹ்பூப் உல் ஹக் தலைமையில், அமர்த்தியா சென்னின் பங்களிப்போடு, 1990இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டம் கொண்டுவந்தது இது. ஆயுள், கல்வி, வருமானம் மூன்றும் சேர்ந்த எண். இதில் ஆயுளுக்கு 85, படித்த சராசரி ஆண்டுகளுக்கு 15 என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். உச்சத்துக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு மேலே இடமில்லை. கீழே இருப்பவர் ஏறினால் இடைவெளி குறைந்துதான் ஆக வேண்டும். வருமானத்தை லாகரிதத்தில் எடுக்கிறார்கள். ஆயிரம் டாலர் இரண்டாயிரம் ஆவதற்கும் 30,000 டாலர் 60,000 ஆவதற்கும் ஒரே மதிப்பெண்.

இதில் பாதி நியாயம். மனிதர் 200 வயது வாழ முடியாது என்பது குறியீட்டின் தவறு இல்லை. ஏழைக் குடும்பத்துக்குக் கிடைக்கும் கூடுதல் ஆயிரமும் கோடீஸ்வரருக்குக் கிடைக்கும் கூடுதல் ஆயிரமும் ஒன்றல்ல என்பதும் சரி. எண்ணெயால் வருமானம் ஏறிய எக்குவடோரியல் கினி, வருமான வரிசையில் இருக்கும் இடத்தைவிட இந்தக் குறியீட்டில் வெகு கீழே கிடப்பதைக் காட்டிக்கொடுப்பதும் இதே எண்தான்.

படிப்பிலும் நெருங்கிவிட்டோமா?

பெஞ்சில் உட்காருவதில், ஆம். வளரும் நாடுகளில் பெரியவர்கள் பள்ளியில் படித்த சராசரி ஆண்டுகள் 1950இல் சுமார் 2. 2010இல் சுமார் 7. மனித வரலாற்றில் இப்படி ஒரு பாய்ச்சல் நடந்ததே இல்லை.

கற்றதில், இல்லை. கிராமப்புற இந்தியாவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் ஏறக்குறைய பாதிதான் என்று பிள்ளைகளின் வாசிப்பைச் சோதிக்கும் அசர் (ASER) கணக்கெடுப்பு திரும்பத் திரும்பச் சொல்கிறது. குறியீடு ஐந்து ஆண்டு என்று எழுதிக்கொள்கிறது. பிள்ளையின் கையில் இருப்பது இரண்டு ஆண்டுகூட இல்லை. முன்பு சொன்ன கரைசலைப்போல் இதை ஒரே மதியத்தில் சொல்லிக்கொடுத்துவிட முடியாது. ஒரு நல்ல ஆசிரியர் தினமும் வர வேண்டும், பல வருடம் வர வேண்டும்.

ஒரு தடவை ஏறினது மறுபடி இறங்குமா?

இறங்கும். போட்ஸ்வானா 1966இல் விடுதலை பெற்றபோது நாடு முழுவதிலும் 12 கிலோமீட்டர் தார்ச்சாலை இருந்தது. அடுத்த ஆண்டே வைரம் கிடைத்தது. அந்தப் பணத்தை ஒழுங்காகக் கையாண்டு உலகிலேயே வேகமாக வளர்ந்த நாடுகளில் ஒன்றானது. அப்புறம் எச்ஐவி வந்தது. 60ஐ எட்டியிருந்த ஆயுட்காலம் 2000 வாக்கில் 50 அளவுக்குச் சரிந்தது. வருமானம் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. 2002இல் அரசு மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் ஆயுள் மீண்டது.

கொரோனாவில் 2020, 2021 என்று அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் உலக மனித மேம்பாட்டுக் குறியீடு இறங்கியது. 1990இலிருந்து அப்படி நடந்ததே இல்லை. பணக்கார நாடுகள் சீக்கிரம் மீண்டன. மிக ஏழை நாடுகளில் பல மீளவில்லை.

நாடுகள் விலகுகின்றன என்றீர்கள். ஆனால் வறுமை குறைந்ததாகவும் படிக்கிறோம். எது சரி?

இரண்டும் சரி. நாடு ஒன்றுக்கு ஓர் ஓட்டு என்று எண்ணினால் சீனாவும் மடகாஸ்கரும் சமம். ஆளுக்கு ஓர் ஓட்டு என்றால் சீனாவும் இந்தியாவும் சேர்ந்து 280 கோடி ஓட்டு. இந்த வேறுபாட்டைத் தெளிவாகப் பிரித்து எழுதியவர் பிராங்கோ மிலனோவிச். 1978க்குப் பிறகு சீனாவும், 1980களிலிருந்து இந்தியாவும் வேகமெடுத்ததால், ஆள் கணக்கில் உலகம் நெருங்கியிருக்கிறது. எந்தக் கட்டுரையைப் படித்தாலும் எந்த ஓட்டு எண்ணப்பட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

நடுத்தர வருமானத்துக்கு ஏறிய நாடு அங்கேயே மாட்டிக்கொள்ளும், அதுதான் நடுத்தர வருமானப் பொறி என்கிறார்களே, உண்மையா?

1960இல் நடுத்தர வருமானத்தில் இருந்த 101 பொருளாதாரங்களில் 2008க்குள் உயர் வருமானத்தைத் தொட்டவை 13 மட்டுமே என்று உலக வங்கி எண்ணிக் காட்டியது. 'பொறி' என்ற பெயர் சற்று மிகை என்பது என் எண்ணம். மெதுவாக வளர்பவர் அரை நூற்றாண்டில் போய்ச் சேரமாட்டார் என்பதை மேலே உள்ள 90 ஆண்டுக் கணக்கே சொல்கிறது. கடன்வாங்கிய தொழில்நுட்பத்தில் ஓடும் காலம் முடிந்து, சொந்தமாகப் புதியதைச் செய்ய வேண்டிய இடத்தில் பல நாடுகள் தளர்ந்துவிடுகின்றன என்பது மட்டும் உண்மை.

நாடுகளை விடுங்க. ஒரே நாட்டுக்குள்ளேயாவது நெருங்குதா? இந்தியாவில்?

அமெரிக்க மாநிலங்களிடையே பல பத்தாண்டுகள் நெருங்கியது. இங்கே வருமானத்தில் நெருங்கவில்லை. ஒரே பணம், ஒரே சட்டம், யாரும் எங்கும் போகலாம் என்றிருந்தும் நெருங்கவில்லை. தேசியச் சராசரியை 100 என்று வைத்தால் 1960-61இல் தமிழ்நாட்டின் தலா வருமானம் 109, பீகார் 70. 2023-24இல் தமிழ்நாடு 171, பீகார் 33. பீகாரிலிருந்து இங்கே வந்து கட்டட வேலை செய்யும் பிள்ளைகளின் பயணத்துக்குப் பின்னால் இருப்பது இந்த எண்.

சிசு மரண விகிதத்தைப் பாருங்கள். 2020இல் ஆயிரம் பிறப்புக்கு இந்தியா முழுவதிலும் 28, பீகாரில் 27. வருமானத்தில் சராசரியில் மூன்றில் ஒரு பங்கே உள்ள மாநிலம், குழந்தைகளைக் காப்பாற்றுவதில் சராசரியைத் தொட்டுவிட்டது. தமிழ்நாடு 13, கேரளா 6 என்பதால் இன்னும் போக வேண்டிய தூரம் நிறைய. இருந்தாலும் வங்கதேசத்தில் பார்த்த அதே வேறுபாடு, அதே திசை.

பணக்காரர் ஆவதற்குள் வயசாகிடுவோமோ?

இந்தக் கேள்வியைக் கேட்டது இரண்டாமாண்டு மாணவி ஒருவர். பாடத்தில் இல்லாத கேள்வி, அன்று வகுப்பில் வந்ததிலேயே நல்ல கேள்வி. கொரியாவின் கருவுறுதல் விகிதம், அதாவது ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் பிள்ளைகள், 2023இல் 0.72. ஆனால் அது பணக்காரர் ஆன பிறகு வந்தது. தமிழ்நாட்டில் 2020லேயே 1.4. சீனாவின் மக்கள்தொகை 2022இலிருந்து குறைகிறது, தலா வருமானம் 13,000 டாலர் அளவில் இருக்கும்போதே. வேலை செய்யும் கைகள் குறையும்போது 6 சதவீத வளர்ச்சியைப் பிடித்து வைப்பது கடினம். வருமானத்தில் எட்டிப் பிடிக்கும் ஆண்டு இன்னும் தள்ளிப்போகும்.

ஆனால் முதுமையில் உடல்நலத்தைக் காப்பதற்கு அந்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதில்லை. தாய்லாந்து 2001இல், இன்றைய வருமானத்தில் ஒரு பகுதியே இருந்தபோது, 30 பாட் கட்டணத்தில் எல்லோருக்கும் சிகிச்சை என்ற திட்டத்தைத் தொடங்கியது. அங்கே சுமார் பத்து லட்சம் கிராம சுகாதாரத் தொண்டர்கள் வீடு வீடாகப் போகிறார்கள். இங்கே 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவமும் அப்படித்தான். ஊழியர் வீட்டுக்கே வந்து பாட்டியின் ரத்த அழுத்தத்தைப் பார்த்து, மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போகிறார்.